சாயக் கூடாத வண்டி

ஆட்டோவில் போகும்போது ஓட்டுநரின் கைகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். காரில் இருப்பதுபோல் வட்டமான ஸ்டீயரிங் அவரிடம் கிடையாது. ஸ்கூட்டரின் ஹேண்டில்பார்தான் இருக்கிறது. வலது கைப்பிடியை முறுக்கினால் வேகம். பல பழைய ஆட்டோக்களில் இடது கைப்பிடியைத் திருகித்தான் கியர் மாற்ற வேண்டும். இதற்குக் காரணம் அந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் கொராடினோ தஸ்கானியோ, விமானப் பொறியாளர். போரில் சிதைந்த ஊர்களில் சிறு வியாபாரிகளுக்குச் சரக்கு ஏற்ற வண்டி வேண்டியிருந்தது, ஆனால் வேன் வாங்க வசதியில்லை. வெஸ்பாவின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு சக்கரத்துக்குப் பதில் இரண்டு சக்கரமும் ஒரு சரக்குத் தட்டும் சேர்த்து 1948இல் ‘ஆப்பே’ என்ற வண்டியை அந்த நிறுவனம் இறக்கியது. 1960களின் தொடக்கத்தில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் உரிமம் பெற்று இந்தியாவில் ஸ்கூட்டரும் ஆட்டோவும் செய்யத் தொடங்கியது.

நம் தெருவில் ஓடும் ஆட்டோ, அந்த வகையில், மூன்று சக்கரமாக மாற்றப்பட்ட ஒரு ஸ்கூட்டரின் வாரிசு. ஆலையில் பொறியாளர்கள் செய்த அதே வேலையை உலகெங்கும் சின்னச் சின்னப் பட்டறைகளிலும் செய்கிறார்கள். தேவை ஊருக்கு ஊர் வேறு: எங்கோ சரக்குக்காக, எங்கோ உழவுக்காக, எங்கோ வயதான முழங்கால்களுக்காக. தமிழ்நாட்டில் இதன் முதன்மையான தேவை ஒன்றுதான். கால் ஊன்ற முடியாதவர் தானாக வெளியே போய்வர வேண்டும்.

இதை வெறும் முட்டுக் கொடுக்கும் வேலையாகப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் பிழை. இரண்டு சக்கரம் விழுந்துவிடும், பக்கத்தில் சக்கரம் வைத்தால் விழாது, அவ்வளவுதானே என்று தோன்றும். உண்மையில் அந்தக் கூடுதல் சக்கரம் வண்டியின் இயல்பையே மாற்றிவிடுகிறது. அது திரும்பும் விதம், பிரேக் பிடிக்க வேண்டிய நேரம், மேடு பள்ளத்தில் அதன் நடத்தை எல்லாமே வேறு. வாங்குபவர், மாற்றித் தரும் மெக்கானிக், உரிமம் தரும் அதிகாரி மூவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆட்சியர் அலுவலக வளாகங்களிலும் லாட்டரிச் சீட்டு போய் செல்போன் ரீசார்ஜ் வந்த பெட்டிக்கடை ஓரங்களிலும் ‘சைடு வீல் வண்டி’ நிற்பதைப் பார்க்கலாம். அவற்றை ஓட்டுபவர்களில் நடுவயதைத் தாண்டிய பலர் குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளைவாதம் தாக்கியவர்கள். இந்தியாவின் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா இருக்கும் பகுதியை அந்த நோய் இல்லாத பகுதியாக அறிவித்தது. நோய் போய்விட்டது, அதைச் சுமந்த தலைமுறை இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது புதிதாகச் சைடு வீல் தேடி வருபவர்களில் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களும் கால் இழந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை அந்த நிலைக்கு ஆளாக்கியதே சாலை விபத்துதான்.

மோட்டார் சைக்கிள் கால்களை நம்பியே செய்யப்பட்ட வண்டி. இடது காலில் கியர், வலது காலில் பின் பிரேக். வண்டி நின்றால் ஒரு காலைத் தரையில் ஊன்ற வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டர் வந்தபோது முதல் வேலையே இல்லாமல் போனது, இரண்டாவது வேலை கைக்குப் போனது. 1984இல் வெளிவந்த கைனடிக் ஹோண்டாவுக்கு மாற்றுத்திறனாளிகளிடம் தனி மதிப்பு கிடைத்தது இதனால்தான்: கியர் கிடையாது, பொத்தானை அழுத்தினால் இன்ஜின் ஓடும், கிக்கர் உதைக்க வேண்டாம், கால் வைக்க அகலமான தட்டு. மிச்சமிருந்தது நிற்கும்போது விழாமல் இருப்பது மட்டும். அதைப் பக்கச் சக்கரம் பார்த்துக்கொண்டது. இன்று ஆக்டிவா, ஸ்கூட்டி, ஜூபிடர் என எந்த கியரில்லா ஸ்கூட்டரானாலும் அதே தர்க்கம்தான். கால்கள் பாதிக்கப்பட்டு, கைகள் நல்ல நிலையில் உள்ளவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தமிழக அரசே மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக விலையில்லாமல் வழங்குகிறது. படிப்பவர், வேலைக்குப் போகிறவர், சுயதொழில் செய்பவர் என்று பார்த்துத் தருகிறார்கள். ஒரு ஸ்கூட்டர் வந்தபின் மகளைத் தானே பள்ளியில் இறக்கிவிடும் தகப்பனுக்கு அது எத்தனை பெரிய விஷயம் என்பதைக் கணக்கில் எழுத முடியாது.

பொருத்தும் வேலை பார்வைக்கு எளிது. ஸ்கூட்டரின் சேஸ்ஸுக்கு அடியில், பின்பக்கமாக, இரும்புக் குழாயாலான ஒரு சட்டத்தை யு கிளாம்ப் போட்டு முடுக்குகிறார்கள். சட்டத்தின் இரு முனையிலும் ஆக்சில், பேரிங், ஒரு சின்னச் சக்கரம், மேலே மட்கார்டு. ஸ்கூட்டரின் சொந்தப் பின்சக்கரம் எடுக்கப்படுவதில்லை. நடுவில் அது இருந்தபடியே இருந்து வண்டியைத் தள்ளுகிறது, பக்கத்துச் சக்கரங்கள் சும்மா உருள்கின்றன. எண்ணிப் பார்த்தால் தரையைத் தொடுவது நான்கு சக்கரம். ஆனாலும் முன்னால் ஒன்று, பின்னால் அகலமாக இரண்டு என்ற முக்கோணத்தின் மீதுதான் வண்டி நிற்கிறது. அதன் குணங்கள் எல்லாம் மூன்று சக்கர வண்டியின் குணங்கள்தான்.

முதல் குணம், திருப்பத்தில் தெரியும். இருசக்கர வண்டி எந்த வளைவிலும் உள்பக்கமாகச் சாய்ந்தே திரும்புகிறது. வெளியே தள்ளும் விசையும் கீழே இழுக்கும் எடையும் சேர்ந்து சக்கரம் தரையைத் தொடும் இடத்திலேயே போய் இறங்கும்படி ஓட்டுபவர் உடலையும் வண்டியையும் சாய்க்கிறார். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏறத்தாழ 23 டிகிரி சாய வேண்டியிருக்கும். பழகியவர் இதை யோசிப்பதுகூட இல்லை.

பக்கச் சக்கரம் வைத்த வண்டி சாய முடியாது. வெளியே தள்ளும் விசை முழுவதையும் வெளிப்பக்கச் சக்கரமே தாங்க வேண்டும். அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். பக்கச் சக்கரங்களுக்கு இடையே 90 சென்டிமீட்டர் அகலம்; ஆள் உட்கார்ந்த நிலையில் மொத்த எடையின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில்; அந்த மையம் முன்சக்கரத்திலிருந்து பின்னோக்கி ஐந்தில் மூன்று பங்கு தூரத்தில். இப்படி வைத்துக்கொண்டால், மேலே சொன்ன அதே 30 மீட்டர் வளைவில் மணிக்கு 38 கிலோமீட்டரைத் தொடும்போதே உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். சாதாரண ஸ்கூட்டர் 40இல் சிரமமில்லாமல் கடந்த வளைவு அது. தெருமுனைத் திருப்பம்போல் 10 மீட்டர் ஆரம் என்றால் 22 கிலோமீட்டரே எல்லை. ஷாக் அப்சார்பர் அமுங்குவதையும் டயர் நெளிவதையும் சேர்த்தால் உண்மையான எல்லை இதற்கும் கீழே வரும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் வழுக்குவதற்கு முன்பே வண்டி கவிழும். வழுக்கினாலாவது ஒரு முன்னறிவிப்பு கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை.

பின்னால் அகலமும் முன்னால் ஒற்றைச் சக்கரமும் இருப்பதால் இன்னொரு சிக்கல் சேர்கிறது. வண்டி கவிழ்வது முன்சக்கரத்தையும் வெளிப்பக்கப் பின்சக்கரத்தையும் இணைக்கும் சாய்ந்த கோட்டின் மீதுதான். முக்காலி சமதளமில்லாத இடத்திலும் ஆடாமல் நிற்கும், ஆனால் இரண்டு காலுக்கு நடுவே ஓரமாக உட்கார்ந்தால் சட்டென்று கவிழும் அல்லவா, அதே கதை. திருப்பத்துக்குள் போனபிறகு பிரேக் பிடித்தால் பாரம் முன்னோக்கிப் பாய்ந்து முக்கோணத்தின் ஒடுங்கிய முனைக்குப் போய்விடுகிறது. இருசக்கர ஓட்டிகள் பயந்தால் செய்யும் முதல் காரியம் அப்படிப் பிரேக் பிடிப்பதுதான். சைடு வீல் வண்டியில் வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் திருப்பத்துக்கு முன்னால் உள்ள நேர்ச்சாலை. உள்ளே நுழைந்தபின் மெல்ல ஆக்சிலரேட்டரைப் பிடித்தபடி, வண்டி சாயாததை ஈடுகட்ட மேலுடம்பை உள்பக்கமாகச் சாய்த்து ஓட்ட வேண்டும்.

பல ஆண்டு பைக் ஓட்டி, பிறகு விபத்தில் கால் இழந்து இந்த வண்டிக்கு வருகிறவருக்குப் பழைய அனுபவமே எதிரியாகிவிடுவதுண்டு. ஓரளவு வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால் இடது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது ஹேண்டில்பார் ஒரு கணம் வலப்பக்கம் திரும்புகிறது, வண்டி இடப்பக்கம் சாய்கிறது, பிறகு இடப்பக்கம் போகிறது. பெரும்பாலான ஓட்டிகள் இதைத் தெரியாமலே செய்கிறார்கள், அவர்கள் உடலுக்குத் தெரியும். மூன்று சக்கர வண்டியில் இடது கைப்பிடியைத் தள்ளினால் வண்டி வலப்பக்கம் போகும். எதிரே லாரி வரும் நொடியில் கை எதைச் செய்யும் என்பது பழக்கத்தைப் பொறுத்தது. ஒரு காலில் வலு உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வண்டி நிற்கப்போகும்போது அனிச்சையாகக் காலைக் கீழே வைத்தால், பின்னால் வரும் பக்கச் சக்கரம் பாதத்தின் மேல் ஏறிவிடும்.

நம் சாலைகளின் வடிவமும் இந்த வண்டிக்குத் தோதானதில்லை. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதியை உயர்த்தி ஓரங்களைத் தாழ்த்திப் போடுகிறார்கள். இருசக்கர வண்டி அந்தச் சரிவிலும் செங்குத்தாகவே நிற்கும். மூன்று சக்கர வண்டி சாலையோடு சேர்ந்து இடப்பக்கம் சரிந்து, அந்தப் பக்கமே இழுக்கும். மணிக்கணக்கில் ஓட்டினால் தோள் வலிப்பது இதனால்தான். ஓரத்தில் மண் அரித்து தாரின் விளிம்பு உயரமாக நிற்கும் இடத்தில் இடது சக்கரம் இறங்கினால் நிலைமை மோசமாகும். குழியைத் தவிர்ப்பதும் கடினம். பைக்குக்கு ஒரு தடம். இதற்கு மூன்று தடம். நடுச்சக்கரம் தப்பினால் பக்கச் சக்கரம் விழும்.

சைடு வீல் பொருத்தும் பட்டறையின் தரம் தெரிய வருவதும் இங்கேதான். பக்கச் சக்கரங்களை ஸ்பிரிங் இல்லாமல் சட்டத்தோடு இறுக வைத்துவிட்டால், சாலையின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் வந்தால் போதும், இரு பக்கச் சக்கரமும் மேட்டில் நிற்க, நடுவிலுள்ள பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். வண்டியைத் தள்ளுவதும் அதுதான், பின் பிரேக் இருப்பதும் பெரும்பாலும் அதில்தான். ஓட்டமும் போகும், நிறுத்தமும் போகும். அதனால் நல்ல வேலைக்காரர் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் தனித்தனி ஷாக் அப்சார்பர் வைப்பார். சட்டத்தை முடுக்கிய பிறகு, வண்டிக்குரியவரை மேலே உட்காரவைத்து உயரத்தைச் சரிபார்ப்பார். நாற்பது கிலோ பெண்ணுக்கும் எண்பது கிலோ ஆணுக்கும் ஒரே அளவில் வைத்துத் தருவது சரியான வேலை ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சுமையும் இருக்கிறது. இருசக்கர வண்டி சாய்ந்து திரும்புவதால், எத்தனை வேகத்தில் வளைந்தாலும் பாரம் சக்கரத்தின் தளத்திலேயே இறங்குகிறது. சக்கரம், பேரிங், முன் ஃபோர்க் எல்லாம் அந்தக் கணக்கில் செய்யப்பட்டவை. சாயாத வண்டியில் ஒவ்வொரு திருப்பத்திலும் பாரம் பக்கவாட்டில் அடிக்கிறது. சேஸ்ஸில் வெல்டிங் செய்த இடங்களில் மயிரிழை விரிசல் விடுவதும், பேரிங் சீக்கிரம் ஆட்டம் காண்பதும் இதன் விளைவு. சர்வீஸுக்கு விடும்போது இன்ஜின் ஆயிலோடு அந்தக் கிளாம்ப் நட்டுகளையும் பார்க்கச் சொல்வது நல்லது.

பக்கச் சக்கரம் சேர்ப்பது ஒரு வழி. பின்சக்கரத்தையே எடுத்துவிட்டு, குறுக்கே ஆக்சில் போட்டு இரண்டு சக்கரத்தையும் இன்ஜினோடு இணைப்பது மறுவழி. அதில் புதிய பிரச்சினை ஒன்று முளைக்கும். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். 90 சென்டிமீட்டர் அகல வண்டி ஒரு செங்கோணத் திருப்பம் எடுத்தால் இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 1.4 மீட்டர் வித்தியாசம் வரும். ஒரே ஆக்சிலில் இரண்டையும் பூட்டிவிட்டால் ஏதோ ஒன்று தேய்ந்து இழுபட்டே ஆக வேண்டும், வண்டியும் திரும்ப மறுக்கும். காரில் இருப்பதுபோல் டிஃபரன்ஷியல் வைக்க வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான்.

இந்த இரண்டாம் வழியை நெடுங்காலமாகச் செய்துவருபவர்கள் அமெரிக்கர்கள். ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1932இல் ‘சர்வி கார்’ என்ற மூன்று சக்கர வண்டியை வெளியிட்டது. பழுதுபார்க்க வேண்டிய காரை வீட்டிலிருந்து எடுத்துவர மெக்கானிக் இதில் போவார். திரும்பும்போது காரை ஓட்டியபடி, சர்வி காரை அதன் பின் பம்பரில் மாட்டி இழுத்து வருவார். இரண்டு ஆட்கள் போக வேண்டிய வேலை ஒருவரோடு முடிந்தது. பின்னர் போலீஸாரும் வாகன நிறுத்தத்தைக் கண்காணிக்க இதைப் பயன்படுத்தினார்கள். 1973 வரை, நாற்பது ஆண்டுக்கும் மேலாக, இந்த வண்டி உற்பத்தியில் இருந்தது. ஹார்லி வண்டிகளில் முதன்முதலில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்ததும் இதில்தான், 1964இல்.

அதன்பின் இந்த வேலை தனியார் பட்டறைகளின் கைக்குப் போனது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1980களில் தொடங்கிய லேமன் டிரைக்ஸ் நிறுவனம் ஹோண்டா கோல்டு விங், ஹார்லி போன்ற பெரிய பைக்குகளை மூன்று சக்கரமாக மாற்றித் தந்தது. வாங்க வந்தவர்களில் நிறையப் பேர் வயதான ஓட்டிகள். முந்நூறு, நானூறு கிலோ வண்டியை சிக்னலில் முழங்காலால் தாங்க முடியவில்லை. ஓட்டுவதை விடவும் மனமில்லை. அந்தச் சந்தையின் அளவைப் பார்த்து ஹார்லியே 2009ஆம் ஆண்டு மாடலாக ‘டிரை கிளைடு’ வண்டியைக் கொண்டுவந்தது. அதன் தயாரிப்புக்குத் தொடக்கத்தில் துணை நின்றது அதே லேமன் நிறுவனம். எடை 500 கிலோவுக்கு மேல். பின்னால் நகர்த்தத் தனி ரிவர்ஸ் மோட்டார் உண்டு.

அமெரிக்கப் பட்டறைகள் கற்றுக்கொண்ட ஒரு பாடம் நம் மெக்கானிக்குகளுக்கும் பயன்படும். மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் சற்று முன்னோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவுக் கோட்டை நீட்டினால் தரையில் படும் இடத்துக்குச் சில அங்குலம் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். வண்டி தானாக நேராகப் போவதற்கு அந்த இடைவெளி உதவுகிறது. சாயும் வண்டிக்கு அது வரம். சாயாத வண்டியில் அதே இடைவெளி ஹேண்டில்பாரைக் கல்லாக்கிவிடும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் தோள்பலம் கேட்கும். அதனால் பெரிய வண்டிகளை மாற்றும்போது ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் மேல், கீழ்த் தட்டுகளையும் மாற்றி அந்த இடைவெளியைக் குறைக்கிறார்கள். பின்னால் உருண்டை முகமுள்ள பைக் டயர் போடுவதில்லை, தட்டையான கார் டயர் போடுகிறார்கள். சாயாத சக்கரத்துக்கு உருண்டை முகம் எதற்கு?

இந்தியாவின் கதை வேறு வேகத்தில் ஓடியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இராணுவம் கழித்துவிட்ட ஹார்லி வண்டிகள் தில்லியில் பின்னால் இருக்கைப் பெட்டி பூட்டிய ‘பட்பட்டி’ டாக்ஸிகளாக மாறின. மாசுக் கட்டுப்பாட்டு உத்தரவுகள் வந்த 1998 வாக்கில்தான் அவை சாலையை விட்டுப் போயின. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் ‘சக்டோ’ என்ற வண்டி இன்னும் நினைவில் நிற்கிறது. முன்பாதி ராயல் என்ஃபீல்டு புல்லட், பின்பாதி ஆட்களும் மூட்டைகளும் ஏறும் மரத்தட்டு, ஓட்டுவதற்கு டீசல் இன்ஜின். சென்னை திருவொற்றியூர் ஆலையில் செய்த புல்லட்டுகள் அங்கே போய் மூன்று சக்கரம் பெற்றன என்பது நமக்கு ஒரு தனிப் பெருமைதான். அதே சௌராஷ்டிரத்தின் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி என்ற கிராமத்து மெக்கானிக், வறட்சியில் மாடு வைத்துக் கட்டுப்படியாகாத விவசாயிகளுக்காக 1990களில் ஒரு புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றி, இரு சக்கரமும் உழவுக் கருவியும் மாட்டும் அமைப்பைச் செய்தார். ‘புல்லட் சாந்தி’ என்று பெயர். தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அதை அங்கீகரித்தது; அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. வேலை முடிந்ததும் பழையபடி பைக்காக மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் அழகு.

சென்னையில் மீன்பாடி வண்டி இருக்கிறது. மிதிக்கும் சரக்கு வண்டியில் பழைய ஸ்கூட்டர், மொபெட் இன்ஜினைப் பூட்டி ஓட்டுவார்கள். பதிவெண் இல்லை, காப்பீடு இல்லை, பிரேக் பெயரளவில். ஏழையின் பிழைப்பு அது என்ற வாதத்தில் உண்மை உண்டு. அதில் மோதி அடிபடுபவரும் பெரும்பாலும் ஏழைதான், அவருக்கு இழப்பீடு தர யாரும் இருக்க மாட்டார்கள். ‘ஜுகாட்’ எனப்படும் இத்தகைய வண்டிகளும் சட்டப்படி மோட்டார் வாகனங்களே, பதிவும் காப்பீடும் வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரலில் பஞ்சாப் போலீஸ் மோட்டார் சைக்கிள் பூட்டிய தள்ளுவண்டிகள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கியது. தடை போடுவது எளிது. அதே விலையில் பாதுகாப்பான வண்டி கிடைக்கச் செய்யாதவரை அது நிலைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சைடு வீல் போட நினைப்பவர் முன்கூட்டியே அறிவது நல்லது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மோட்டார் சைக்கிள் என்றால் இருசக்கர வண்டி. கழற்றி மாட்டக்கூடிய சைடு கார் இருந்தாலும் அது மோட்டார் சைக்கிள்தான். அதற்கு மேல் மாற்றம் செய்தால் 52ஆவது பிரிவு குறுக்கே வரும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதே அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் அந்தத் திருத்தம் ஒரு கதவைத் திறந்தது. அவர்களுக்கென வடிவமைத்த வண்டியையும் அவர்களுக்காக மாற்றியமைத்த வண்டியையும் ஒரே வகையாகச் சட்டத்தில் சேர்த்தது. சொந்த வண்டியை அப்படி மாற்றிக்கொண்டு, பிறகு பதிவு அலுவலகத்தின் ஒப்புதலைப் பெறலாம் என்றும் வழி செய்தது. முன்பு இருந்த விளக்கம், தொடக்கத்திலிருந்தே ஊனமுற்றவருக்காகச் செய்த வண்டியை மட்டுமே கணக்கில் எடுத்தது. இது நல்ல மாற்றம். ஆனால் ஒப்புதல் பெறுவதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஆர்.சி.யில் பழைய விவரமே இருக்க, வண்டி வேறாக இருந்தால், விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் வழக்காட அதுவே காரணமாகிவிடும். ஓட்டுநர் உரிமத்திலும் இந்த வகை தனி. கியரில்லா வண்டிக்கான உரிமம் கையில் இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது.

சாய்ந்து திரும்பும் மூன்று சக்கர வண்டிகள் உலகில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. ஹோண்டா 1980களின் தொடக்கத்திலிருந்து ஜப்பானில் விற்ற ‘ஜைரோ’ ஸ்கூட்டரில் பின் இரண்டு சக்கரமும் தரையில் படிந்திருக்க, முன்பாதி மட்டும் சாயும். பியாஜியோ 2006இல் கொண்டுவந்த எம்பி3 வண்டியில் முன்னால் இரண்டு சக்கரம், இரண்டும் சேர்ந்தே சாயும். வளைவில் இவை பைக் போலவே நடந்துகொள்ளும். ஆனால் சாயும் வண்டி நிற்கும்போதும் சாயும். பூட்டி நிறுத்தும் அமைப்பு இல்லையென்றால் கால் ஊன்றித்தான் ஆக வேண்டும். எம்பி3 போன்றவற்றில் அந்தப் பூட்டு உண்டு, விலையும் அதற்கேற்ப உண்டு. அதே கனடா பக்கத்திலிருந்து 2007இல் வந்த கேன் ஆம் ஸ்பைடர் சாயாது. முன்னால் இரண்டு சக்கரம் வைத்ததால் பிரேக் பிடிக்கும்போது பாரம் அகலமான பக்கத்துக்கே போகிறது. திருப்பத்தில் கவிழும் அபாயம் அதில் அந்த அளவுக்குக் குறைவு.

சைடு வீல் ஸ்கூட்டர் தீர்க்காத ஒரு சிக்கல் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் அதை விட்டு இறங்கி ஸ்கூட்டர் சீட்டுக்கு மாற வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் நாற்காலி இருக்காது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் வழிநடத்தும் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையமும் அங்கிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனமும் இதை வேறு கோணத்தில் அணுகின. அவர்கள் 2021இல் வெளியிட்ட ‘நியோபோல்ட்’, சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டும் ஒற்றைச் சக்கர மின்மோட்டார் கருவி. மாட்டினால் நாற்காலியே மூன்று சக்கர வண்டி. கழற்றினால் அலுவலகத்துக்குள் நாற்காலியாகவே போகலாம். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், ஒரு சார்ஜில் சுமார் 25 கிலோமீட்டர் தூரம். பக்கத்து ஊர் வரை போய்வர ஸ்கூட்டர்தான் வசதி. நகரத்துக்குள் தினசரி வேலைக்குப் போகிறவருக்கு இது நெருக்கமானது. இரண்டுக்கும் அரசு உதவித் திட்டங்களில் இடம் இருக்க வேண்டும்.

வண்டி கைக்கு வந்தபின் யாராவது கற்றுத்தர வேண்டும். ஸ்கூட்டரைக் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடும் விழாவோடு வேலை முடியக் கூடாது. காலியான மைதானத்தில் நேராக ஓட்டி, பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு பெரிய வட்டம், மெல்ல மெல்லச் சின்ன வட்டம். உள்பக்கச் சக்கரம் லேசாகும் அந்த உணர்வு முதுகுக்குத் தெரியும்வரை. இரண்டு பக்கமும் திரும்பிப் பழக வேண்டும், ஏனென்றால் ஒரு பக்க உடல் பலவீனமாக இருப்பவருக்கு ஒரு பக்கத் திருப்பம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்கும். அடுத்து வேகத்தடை: நேராக ஏறி நேராக இறங்க வேண்டும், ஒரு சக்கரத்தை மட்டும் ஓரமாக விட்டுத் தப்பிக்கப் பார்த்தால் வண்டி குறுக்கே சரியும். ஊன்றுகோலை வைக்க வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு கிளிப் இருக்கிறதா, அது முன்சக்கரத் திருப்பத்தில் இடிக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். பின்னால் ஆள் ஏற்றுவது கடைசியில். பின்பாரம் கூடினால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் பிடிமானம் இழக்கும். தனியாகப் பழகி, கை பயமின்றித் திரும்பிய பிறகே குழந்தையைப் பின்னால் உட்கார வைக்கலாம்.